பழனியம்மாள் சேலையின் நல்ல பக்கம்

எழில்மதியைப் பற்றி இதுவரை நல்லவிதமாகவே சொல்லிக்கொண்டு வந்தோம். இந்த வாரம் அது முடியாது.

'மாந்தளிர்' பத்திரிகையில் வாராவாரம் 'ஊரும் உடுப்பும்' எழுதுகிறவள் அவள் என்பது உங்களுக்குத் தெரியும். மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவுக்கு யார் என்ன கட்டிக்கொண்டு வந்தார்கள், தியாகதுருகத்து மண்டபத்தில் மணப்பெண்ணுக்கு எத்தனை முழ ஜடை வைத்தார்கள், கூத்துக்காரர் கிரீடத்துக்கு ஜிகினா எங்கே வாங்குகிறார் என்று ஊர் ஊராக அலைந்து எழுதுவாள். கணவருக்கு ஓசூரில் ஷிப்டு வேலை. அதனால் கள்ளக்குறிச்சியில் அம்மா வீட்டிலேயே இருப்பு.

தம்பி தமிழழகன் கல்வராயன் மலையில் செல்போன் டவர்களைப் பராமரிக்கிறவன். டவர் பார்க்கப் போன இடத்தில் மூலைப்பட்டு மகேஸ்வரியைப் பார்த்தான். மலைக்குக் கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு. இரண்டையும் சம்மதிக்க வைப்பதற்குள் ஒன்றரை வருடம் போய்விட்டது. பெண்ணின் அம்மா பழனியம்மாள் கடைசி ஆளாகத் தலையாட்டினாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் மகேஸ்வரிக்குப் பூ வைக்க வேண்டும். மாப்பிள்ளையோடு பிறந்தவள்தான் பூ வைக்க வேண்டும். தமிழழகனுக்கு அக்கா ஒருத்திதான்.

காலை ஆறரை மணிக்கு வாசலில் ஒரு டீச்சர் வந்து நின்றார். அம்மா பெரியநாயகி வீட்டின் முன்னறையில் முப்பது வருடமாக ரவிக்கை தைக்கிறவள். டீச்சர் நேற்றுத்தான் வாங்கிப்போன ரவிக்கையைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்.

"இன்னா டீச்சர், டைட்டா கீதா?"

"அளவெல்லாம் சரியாத்தான் கீது. இதப் பிரிச்சி, உள்பக்கம் வெளியில வர்ற மாதிரி தெச்சிக் குடுங்க. தையல், பிசிரு எல்லாம் நல்லாத் தெரியணும்."

பெரியநாயகி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "நான் முப்பது வருஷமா பிசிர மறச்சித்தான் டீச்சர் பேரு வாங்கினேன்."

"உங்க பொண்ணுதான எழுதினாங்க? அதான் இப்ப ஃபேஷன்னு?"

பெரியநாயகி திரும்பி மகளைப் பார்த்தாள். மகள் காபியைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். இரண்டு வாரத்துக்கு முன் எழில்மதி மலையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். பெண் வீடோ மாப்பிள்ளை வீடோ தெரியாது. எழுத விஷயம் கிடைக்கும் என்று போனாள். அங்கே சமையல் புகைக்கு நடுவே ஒரு பெண் முதுகைக் காட்டி நின்றாள். சேலையின் உள்பக்கம் வெளியே தெரியும்படி கட்டியிருந்தாள். பார்டர் ஓரத்தில் நூல் நூலாகத் தொங்கியது. வெயில் சாய்வாக விழுந்தது. எழில்மதி போட்டோ எடுத்தாள்.

போன வியாழக்கிழமை அது முழுப் பக்கமாக வந்தது. 'உள்பக்கம் வெளியே: மலையிலிருந்து ஒரு புதுப் பாணி' என்று தலைப்பு. 'நூலின் உழைப்பை மறைக்க மறுக்கும் துணிச்சல்' என்று உள்ளே ஒரு வரி. அந்த வரிக்காக எழில்மதி தன்னையே இரண்டு நாள் மெச்சிக்கொண்டாள்.

டீச்சரை ஒருவழியாக அனுப்பிய நேரத்தில் தமிழழகன் பட்டுச் சட்டையும் வேட்டியுமாக உள்ளே வந்தான். காதில் இருந்த போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான். மகேஸ்வரியின் அண்ணன், ஜீப் ஓட்டும் பாண்டியன், மலையில் கடைத்தெரு இருக்கும் வெள்ளிமலைக்கு வந்து பேசினான்.

"மாப்ள, வேன் கெளம்பிடுச்சா?"

"இன்னும் வரல மச்சான்."

"வராததே நல்லதாப் போச்சு. வரவேணாம்னுடு. அம்மா நேத்து சாயங்காலத்துலேருந்து சோறு துன்னல."

"ஏன், ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்பு நல்லாத்தான் கீது. புக்குல வந்துகீதே ஒரு முதுகு, அதுதான் சரியில்ல. அது எங்க அம்மாவோட முதுகு மாப்ள."

அறையில் தையல் மிஷின்கூட நின்றுவிட்டது. பெண் பார்க்கப் போன அன்று எழில்மதி காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். பழனியம்மாளின் முகத்தை அவள் இன்றுவரை பார்த்ததில்லை. முதுகை மட்டும் பார்த்திருக்கிறாள்.

எழில்மதி போனிடம் குனிந்தாள். "பாண்டியன், நான் பெருமயாத்தான எழுதினேன்?"

"அக்கா, அது ஸ்டைலு இல்லீங்க. அம்மா அன்னிக்கி சாம்பார் அண்டாகிட்ட நின்னுக்கினு இருந்துச்சி. நல்ல சேலயில கரி புடிக்கும்னு வேல முடியறவரைக்கும் திருப்பிக் கட்டிக்குவாங்க. தாலி கட்டற நேரத்துல ஓடிப்போயி நேராக் கட்டிக்கினு வந்து நிப்பாங்க. எங்க ஊரு பொம்பளைங்க எல்லாரும் அப்டித்தான்."

எழில்மதி குனிந்த இடத்திலிருந்து நிமிர்ந்தாள்.

"பூ வெக்கப்போற கை எதுன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சிபோச்சி. அந்தக் கை என் பொண்ணு தலையத் தொடக் கூடாதுங்குது. நான் இன்னா மாப்ள பண்ணட்டும்?" என்று சொல்லிவிட்டுப் பாண்டியன் போனை வைத்தான்.

தமிழழகன் அழுதிருப்பான். பட்டுச் சட்டையில் ஈரம் படக் கூடாது என்று பொறுத்துக்கொண்டான் போலிருக்கிறது.

"ஒன்றர வருஷம்க்கா," என்றான். "ஒன்றர வருஷம் நான் அந்தம்மா கால்ல வுழாத கொறயா நின்னேன். நீ ஒரு போட்டோல முடிச்சிட்ட."

"நான் வேணும்னா வரல. அம்மா பூ வெக்கட்டும்."

"வாய மூடு," என்றாள் பெரியநாயகி. "கூடப் பொறந்தவ உசுரோட இருக்கசொல்ல நான் எப்டி வெக்கறது? நாத்தனா இன்னா ஆனான்னு கேப்பாங்க. போறோம். போயி கால்ல வுழறோம். வேன் வந்துதான்னு பாரு."

வேன் வந்தது. கதவு திறந்தது. எழில்மதி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

தெருவிலிருந்து ஐந்து பெண்கள் வருவதாக ஏற்பாடு. அம்மாவும் மகளும் சேர்ந்தால் ஏழு, ஒற்றைப்படை. ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். ஐந்து பேரும் பட்டுச்சேலையின் உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கட்டியிருந்தார்கள்.

"எப்டி கீது?" என்று சித்தி ரங்கம்மாள் முன்னால் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். "நம்ம எழிலு எழுதினத நாமளே கட்டாட்டி எப்டின்னு நான்தான் எல்லாருக்கும் சொன்னேன். சம்மந்தி வூட்ல அசந்து போவணும்!"

அசந்துதான் போவார்கள்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் எழில்மதியின் போன் அடித்தது. சென்னையிலிருந்து ஆசிரியர் தேவதர்ஷினி. எழில்மதியைவிட ஏழு வயது சின்னவள், ஏழு மடங்கு வேகம்.

"எழில், ஆபீஸ்ல போன் நிக்கவே இல்ல! எல்லாரும் அந்த முதுகு யாருன்னுதான் கேக்கறாங்க. கண்டுபிடிச்சீங்களா?"

"கண்டுபிடிச்சாச்சு."

"சூப்பர்! இன்னைக்கே முகத்தோட ஒரு போட்டோ எடுத்துடுங்க. அட்டையில போடறோம். ஒரு ஜவுளிக்கடைக்காரங்க 'உள்பக்கம்'னு தனி கலெக்‌ஷனே இறக்கறாங்க, பின்னட்டை விளம்பரம் அவங்களுது. உங்க பக்கம் பன்னிரண்டரைக்குள்ள எனக்கு வந்துடணும்."

"தர்ஷினி, அதுல ஒரு சின்னத் தப்பு…"

வண்டி வளைவில் திரும்பியது. சிக்னல் போய்விட்டது.

கோமுகி அணைக்கட்டுப் பக்கம் வேனை நிறுத்தச் சொன்னாள் பெரியநாயகி. டிரைவரையும் மாப்பிள்ளையையும் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவரத் துரத்தினாள். ஜன்னலுக்கெல்லாம் துண்டு கட்டி, நடந்ததைச் சொல்லி, சேலைகளைத் திருப்பிக் கட்டச் சொன்னாள். நான்கு பேர் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். ரங்கம்மாள் மட்டும் அசையவில்லை.

"என்னுத திருப்ப முடியாது."

"ஏண்டி?"

"நேர்ப்பக்கம் பூரா கறை. பேரன் காதுகுத்துல பாயசம் கொட்டினது. எட்டு வருஷமா பீரோல கெடந்த சேல, இந்த ஃபேஷன் வந்ததாலதான் வெளியில வந்துச்சி. உம் பொண்ணு நல்லா இருக்கணும்."

ரங்கம்மாளை வேனிலேயே விட்டுவிடலாம் என்றால் ஆறு பேராகிவிடுவார்கள். இரட்டைப்படையில் பூ வைக்கப் போகக் கூடாது. டிரைவரின் போர்வையை வாங்கி அவள்மேல் போர்த்திவிட்டார்கள். மே மாதத்து வெயிலில் ரங்கம்மாள் குளிர் ஜுரக்காரி மாதிரி உட்கார்ந்து மலை ஏறினாள்.

மூலைப்பட்டு போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். பந்தல் போட்டிருந்தது. பாய் விரித்திருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எழுந்து வரவில்லை. மகேஸ்வரியின் அப்பா மாதன் மட்டும் "வாங்க, வாங்க" என்று சொல்லிவிட்டு, மனைவியின் பக்கம் பார்த்து அந்த 'வாங்க'வைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பழனியம்மாள் வாசற்படியில் நின்றாள். அதே சேலை. இன்றைக்கு நேர்ப்பக்கமாகக் கட்டியிருந்தாள்.

எழில்மதி அப்போதுதான் அந்தச் சேலையைப் பார்த்தாள். வாடாமல்லி நிறம். பார்டரில் மாம்பழ மஞ்சள். மஞ்சளுக்குள் சின்னச் சின்ன அன்னங்கள் வரிசையாகப் போயின. ஒரு மடிப்பு கலையாமல், ஒரு பொட்டுக் கறையில்லாமல் இருந்தது. ஊர் ஊராகச் சுற்றி உடுப்பைப் பற்றி எழுதுகிறவளுக்கு இந்தப் பக்கம் தெரியவில்லையே என்று எழில்மதிக்கு வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாங்க," என்றாள் பழனியம்மாள். வீடு தேடி வந்தவர்களை வா என்று சொல்லாமலிருக்க அவளால் முடியவில்லை. பிறகு போர்வைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த ரங்கம்மாளின் முந்தானையைக் கவனித்தாள். "இவங்க சமைக்கறதுக்கு வந்தாங்களா?"

பந்தலில் நாலு பேர் சிரித்தார்கள். ரங்கம்மாள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

எழில்மதி முன்னால் வந்தாள். "அத்த, தெரியாம எழுதிட்டேன்."

"தெரியாமன்னா?"

"அழகா இருந்துச்சி. அதான்…"

"அழகாத்தான் எழுதிக்கீற. மகேசு படிச்சிக் காட்டுச்சி. நூலோட ஒழப்பாம். நான் விடியக்காத்தால நாலு மணிலேருந்து அண்டாகிட்ட நின்னுக்கினு இருந்தேன், என் ஒழப்ப நீ கேட்டியா? பத்தடி தூரம் இருந்திருப்ப. 'ஏம்மா, சேலய ஏன் இப்டிக் கட்டிக்கினு கீறீங்க'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். எலயப் போட்டு சோறும் போட்டிருப்பேன்."

பழனியம்மாள் அதோடு விடவில்லை.

"வெள்ளிமல கடயில ஒருத்தன் பாண்டியங்கிட்ட கேக்கறான், மலயில இருக்கறவங்களுக்கு சேலையில நேர்ப்பக்கம் எதுன்னு தெரியாதான்னு. இந்தச் சேலய நான் மூணு கல்யாணத்துக்குக் கட்டிக்கினு வேல செஞ்சிருக்கேன். கறை கீதான்னு பாரு. கிட்ட வந்து பாரு! இப்டி வெச்சிக்கத் தெரிஞ்சவள, நேர்ப்பக்கம் தெரியாதவன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டியே."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. எழில்மதிக்கும் கண் நிறைந்துவிட்டது. சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பாராட்டித்தான் எழுதினாள் என்பது உண்மை. கேட்காமல் பாராட்டினாள் என்பதும் உண்மை.

"நான் இன்னா செய்யணும் அத்த? சொல்லுங்க, செய்யறேன்."

பழனியம்மாள் மூக்கைச் சிந்தினாள். இதற்கு அவள் ராத்திரியே பதில் யோசித்து வைத்திருந்தாள் போலிருக்கிறது.

"எழுது. தப்பா எழுதிட்டேன்னு அதே புக்குல எழுது. இங்கயே எழுதி, இவங்க எல்லாருக்கும் படிச்சிக் காட்டி, ஆபீசுக்கு அனுப்பு. போடறேன்னு அவங்க சொல்லட்டும். அப்பறம் வந்து பூவ வெய்யி."

"மணி பதினொண்ணு," என்றார் மாதன்.

எழில்மதி பாயில் உட்கார்ந்து போனில் எழுத ஆரம்பித்தாள். அவளுடைய நடையைப் பத்திரிகைக்காரர்கள் பாராட்டியிருக்கிறார்கள். மூலைப்பட்டுப் பெண்கள் பாராட்டவில்லை.

"'சென்ற வாரம் இப்பகுதியில் இடம்பெற்ற ஒரு கருத்து…'" என்று படித்தாள்.

"யாரு கருத்து அது?" என்றாள் பழனியம்மாள்.

"என் கருத்துதான்."

"அப்ப நான்னு போடு. ஒளிஞ்சிக்காத."

"'நான் எழுதியதில் ஒரு சிறு பிழை…'"

"சிறுசா?" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். 'சிறு' போய்விட்டது.

பின்வரிசையில் ஒருத்தி, அன்றைய சாம்பாரில் முருங்கைக்காய் போட்டதையும் சேர்க்கச் சொன்னாள். கரிப்பிடித்த சேலையை எதில் ஊறவைப்பது என்று ஒரு விவாதம் நடந்தது. பாயசக் கறைக்கு என்ன வழி என்று போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. பெரியநாயகி இதுதான் சமயம் என்று, தையலைப் பிரித்துப் பிசிரை வெளியே காட்டச் சொல்லி இனிமேல் யாரும் தன்னிடம் வரக் கூடாது என்பதையும் போடச் சொன்னாள்.

பதினொன்று இருபதுக்குக் கட்டுரை முடிந்தது. அதில் அலங்காரம் ஒன்றுமில்லை. 'அது ஃபேஷன் இல்லை. நல்ல சேலை கெடாமலிருக்க, வேலை நேரத்தில் திருப்பிக் கட்டுகிறார்கள். நான் கேட்கவில்லை. கேட்காமல் எழுதினேன். அந்த அம்மாவின் பெயர் பழனியம்மாள். அவர் சேலையின் நல்ல பக்கத்தை நான் இன்றுதான் பார்த்தேன்.' எல்லாருக்கும் படித்துக் காட்டினாள். பழனியம்மாள் முந்தானையை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டாள்.

"இது சரி. அனுப்பு."

எழில்மதி போனைத் தூக்கிப் பிடித்தாள். இந்தப் பக்கம் காட்டினாள், அந்தப் பக்கம் காட்டினாள்.

"டவரு இல்லீங்க," என்றான் பாண்டியன். "வெள்ளிக்கெழம அடிச்ச காத்துலேருந்தே இல்ல. நான் வெள்ளிமலைக்குப் போயித்தான் பேசினேன்."

"யாரு பாக்கறது இந்த டவர?" என்று பெரியநாயகி கோபமாகக் கேட்டாள்.

எல்லாரும் மெதுவாக மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் லீவுல கீறேன்," என்றான் தமிழழகன்.

"எதுக்கு மாப்ள லீவு?" என்றார் மாதன்.

"பூ வெக்கறதுக்கு மாமா."

"டவரு வராட்டி பூ இல்ல," என்றாள் பழனியம்மாள்.

தமிழழகன் எழுந்தான். ஊர்க்கோடியில் மேட்டின்மேல் டவர் நின்றது. அதன் அடியில் தகரக் கதவு போட்ட பேட்டரி அறை. தூசும் கிரீஸும் உள்ளே எப்படி இருக்கும் என்று அவனுக்குத்தான் தெரியும். இரண்டு அடி நடந்தவன் நின்றான். பட்டுச் சட்டையைக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டி ஓடினான்.

பழனியம்மாள் அந்தச் சட்டையைப் பார்த்தாள். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து இறுகிக் கிடந்த முகம் கொஞ்சம் இளகியது.

பதினொன்று நாற்பத்தைந்துக்கு மூலைப்பட்டில் எல்லா போனும் ஒரே சமயத்தில் கத்தின. பந்தலில், அடுப்படியில், பாண்டியன் ஜீப்பில், மாதனின் இடுப்பு மடிப்பில். மூன்று நாளாக வழியில் நின்றுபோயிருந்த செய்தியெல்லாம் வந்து கொட்டியது. பாதிக்குமேல் ஒரே படம். பழனியம்மாளின் முதுகு.

"சீக்கிரம் அனுப்பு!" என்றாள் பழனியம்மாள்.

எழில்மதி அனுப்பினாள். மகேஸ்வரியை அழைத்துவந்து மணையில் உட்கார வைத்தார்கள். அரக்குச் சேலை, வெறும் ஜடை. பக்கத்தில் தாம்பாளத்தில் மல்லிகைச் சரம், குங்குமம், சர்க்கரை. தமிழழகன் முழங்கைவரை கிரீஸோடு திரும்பி வந்து, சட்டையை நேராகப் போட்டுக்கொண்டு தூரத்தில் நின்றான். சட்டையில் ஒரு கறை இல்லை.

பதினொன்று ஐம்பதுக்கு பதில் வந்தது.

'எழில், இதைப் போட முடியாது. பின்னட்டை விளம்பரமே அந்தச் சேலைக்குத்தான். வேற எழுதி பன்னிரண்டரைக்குள் அனுப்புங்க. இல்லைன்னா உங்க பக்கத்தில் இந்த வாரம் ராசிபலன் போட்டுடறேன்.'

எழில்மதி இரண்டு தரம் படித்தாள். இரண்டாம் தரமும் அதேதான் இருந்தது.

"இன்னா சொல்றாங்க?" என்று கேட்டாள் பழனியம்மாள்.

எழில்மதி நிமிர்ந்தாள். எதிரே பன்னிரண்டு முகங்கள். பின்னால் தம்பி. உண்மையைச் சொன்னால் பத்து நிமிடத்தில் நேரம் முடிந்துவிடும், ஒன்றரை வருடமும் முடிந்துவிடும். சொல்லாவிட்டால், மறுபடியும் இந்த அம்மாளைக் கேட்காமல் ஒரு காரியம் செய்வதாகும். அவள் வாயைத் திறந்தாள்.

"போடறாங்களாம் சம்மந்தி!" என்று பக்கத்திலிருந்து பெரியநாயகியின் குரல் கேட்டது. "பெரிய எழுத்துல போடறாங்களாம்!"

முப்பது வருடமாக, துணியை வெட்டக்கூட ஆரம்பிக்காமல் 'நாளைக்கு ரெடி' என்று சொல்லிப் பழகிய வாய். ஒரு நடுக்கம் இல்லாமல் வந்தது.

பந்தல் ஒரு மூச்சு விட்டது. பழனியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வெய்யிம்மா, பூவ வெய்யி. நேரமாவுது."

யாரோ எழில்மதியின் கையில் மல்லிகைச் சரத்தைக் கொடுத்தார்கள். போனை வைக்க இடமில்லாமல் தாம்பாளத்தில் வைத்தாள். மகேஸ்வரியின் பின்னால் குனிந்து, ஜடையில் சரத்தைச் சுற்ற ஆரம்பித்தாள்.  அந்த நேரம் பார்த்துத் தாம்பாளத்தில் போன் ஒளிர்ந்தது.

'பதிலே காணோம். ராசிபலனுக்குச் சொல்லிட்டேன். ஓகேவா?'

குனிந்த தலை நிமிராமலே மகேஸ்வரி அதைப் படித்தாள். மேலே இருந்ததையும் படித்தாள். எழில்மதிக்கு அது தெரிந்துவிட்டது, ஏனென்றால் ஜடை ஒரு கணம் விறைத்தது.

"அண்ணி," என்றாள் மகேஸ்வரி, உதடு அசையாமல்.

"மகேசு, நான் சொல்ல வந்தேன், அதுக்குள்ள அம்மா…"

"தெரியும். கொண்ட ஊசியக் குத்துங்க, எல்லாரும் பாக்கறாங்க. எங்கம்மா நேத்துலேருந்து சாப்புடல. இப்பத்தான் சாப்புடும். அதனால இன்னிக்கி சொல்ல வேணாம். புக்கு வர்றதுக்குள்ள நீங்களே மேல வந்து அம்மாகிட்ட சொல்லிடணும். நீங்க சொல்லாட்டி நான் சொல்லிடுவேன்."

"சொன்னா…"

"கல்யாணம் நடக்காது. எனக்கு உங்க தம்பி வேணும் அண்ணி. ஆனா அம்மாவ ரெண்டு தரம் முட்டாளாக்கறத நான் பாத்துக்கினு இருக்க மாட்டேன்."

எழில்மதி ஊசியைக் குத்தினாள். பூ நின்றது. பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். தமிழழகன் கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்து, மீசையை இரண்டு மடங்கு ஆக்கிக்கொண்டு சிரித்தான். அவ்வளவு சந்தோஷமாக அவனை எழில்மதி பார்த்ததேயில்லை. 

பழனியம்மாள் வந்தாள். ஒரு பிடி சர்க்கரையை எடுத்து எழில்மதியின் வாயில் போட்டாள். அவள் கன்னத்தைத் தொட்டாள்.

"நேத்து ராத்திரி பூரா உன்னத் திட்டிக்கினே இருந்தேன். மனசுல வெச்சிக்காத. செஞ்ச தப்ப நாலு பேரு முன்ன படிக்கறதுக்கு ஒரு மனசு வேணும். உங்கிட்ட கீது." பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "பாண்டியா! வியாழக்கெழம மொத பஸ்சுக்கு கீழ போயிடு. இருவது புக்கு வாங்கியா, வூட்டுக்கு ஒண்ணு. கோயில் மைக்குல படிக்கச் சொல்லப்போறேன். வெள்ளிமல கடக்காரனுக்கும் ஒண்ணு குடுத்துடு."

"சரிம்மா."

"ஏம்மா," என்று பழனியம்மாள் மறுபடி எழில்மதியிடம் குனிந்தாள். இப்போது முகமெல்லாம் சிரிப்பு. "எனக்கு எழுத்து வராது. பக்கத்த மட்டும் சொல்லி வெய்யி. எம்பேரு வந்த எடத்த நானே வெரல வெச்சிப் பாக்கணும். எத்தினாவது பக்கம் வரும்?"

மகேஸ்வரி பூவோடு நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தாள்.

"நாப்பத்திரெண்டு," என்றாள் எழில்மதி.

பழனியம்மாள் அதை மறக்காமலிருக்க இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டே சாப்பிடப் போனாள். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ராசிபலன்.